ரோஜாவுக்கு மாவுக்கட்டு

எனக்குப் பெண் கொடுத்த வீட்டில் பெண்கள் மூவர். மூத்தவள் கல்யாணமான மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார், அந்தப் பக்கம் போக்குவரத்து நின்றுபோயிற்று. நடுப்பெண்ணை நான் கட்டினேன். கடைசிப் பெண்ணைக் கட்டியவரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். எனக்குச் சகலை. தெருவில் அவர் மாவுக்கட்டுக்காரர்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். டாக்டர் முறிந்த எலும்பை இழுத்து நேராக்கிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். மிச்சமெல்லாம் சகலை கையில்தான். முதலில் பஞ்சைச் சுற்றுவார். மாவுத்துணிச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி அடங்கும்வரை காத்திருப்பார். லேசாகப் பிழிந்து, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் சுற்றிக்கொண்டே போய் விரல் நுனியை மட்டும் வெளியே விட்டுவிடுவார். கட்டு காயும்வரை அந்தக் காலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "மாடியிலேருந்து விழுந்தீங்களா, இல்ல வீட்டுக்காரம்மா தள்ளி விட்டாங்களா?" என்று பேச்சுக் கொடுப்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துவிட்டு அழுவார்கள். "ஊர்ல எல்லாரும் காரியம் ஆகணும்னு காலைப் பிடிப்பாங்க. நான் சம்பளத்துக்குப் பிடிக்கிறேன்" என்பார்.

என் கொழுந்தியாள், அதாவது அவர் மனைவி, வாய்த்துடுக்கு. அவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வயிறு வலிக்கும், சிரித்துத்தான். அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவள் தூக்கத்தில் போய்விட்டாள். ஒரே மகள் அதற்கு முன்பே கல்யாணமாகித் தூரத்து நகரத்துக்குப் போயிருந்தாள். அங்கே இருபது மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டாவது மாடி. அவளும் வேலைக்குப் போகிறாள், மருமகனும் வேலைக்குப் போகிறார்.

அம்மா போனதிலிருந்து அந்தப் பெண் அப்பாவைத் தன்னோடு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சகலை கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடும்வரை தன் வீட்டில், தான் இருக்க வேண்டும். என்னிடம் ஒரு தடவை போனில் சொன்னார்: "அங்க போனா எந்த நாற்காலில உக்காரலாம்னு கேட்டுட்டுத்தான் உக்காரணும் சகலை. இங்க எனக்கு யாரையும் கேக்க வேண்டாம்."

கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. குளியலறை ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன எக்ஸ்ரே படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். முகம் தெரியாத ஒருவருடைய முழங்கால் வழியாகத்தான் அந்த அறைக்கு வெளிச்சம் வந்தது. காலையில் ஒரு டம்ளர், ஒரு தட்டு, அவ்வளவுதான் கழுவ வேண்டியது. டிவி ஓடிக்கொண்டே இருக்கும், அவர் பார்க்கமாட்டார். முடி வளர்கிறதோ இல்லையோ, அடிக்கடி முடிவெட்டப் போய்விடுவார். முடிவெட்டுகிறவர், "வெட்ட ஒண்ணும் இல்லையே சார்" என்றால், "இருக்கிறத வெட்டுப்பா" என்று உட்கார்ந்துகொள்வார். ஒருவர் தலையைத் தொட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவது அவருக்கு அங்கே மட்டும்தான் கிடைத்தது.

அந்த வீட்டில் கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவே சரிவாக ஒரு துண்டு நிலம் உண்டு. மழை பெய்தால் மண் கரைந்து தெருவுக்கு ஓடிவிடும். கொழுந்தியாள் இருந்தபோது சிமென்ட் போடு, சிமென்ட் போடு என்று நச்சரித்தாள். அவர் போடவில்லை. மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, போன் மூலமே ஒரு நர்சரியில் சொல்லி, சின்ன ரோஜாச் செடிகளை ஒரு வண்டியில் அனுப்பிவைத்தாள். "அப்பா, முன்னாடி வச்சு விடுங்க. உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சகலை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. சரிவைக் கொத்திக் கல் பொறுக்கினார். மண் களிமண்ணாக இருந்தது, மணலும் மக்கிய சாணமும் கலந்தார். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று படியில் உட்கார்ந்து கவனித்தார். ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் ஊற்றி, அது வற்றிய பிறகே செடியை இறக்கினார். விடிந்ததும் இலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டார். இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தால் கிள்ளி எடுத்துத் தூரப் போட்டார். ரோஜா என்றால் இவ்வளவு செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் எப்போதோ பேசியது நினைவில் இருந்ததாம். அந்தத் தோட்டக்காரர் வளர்த்ததெல்லாம் இடுப்பளவு நிமிர்ந்து நிற்கிற ரோஜா.

இவருடைய செடிகள் நிமிரவில்லை. ஒரு சாண் வளர்ந்ததும் கிளை பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொன்றும் சாய்ந்தது. கொஞ்ச நாளில் எல்லாம் தரையோடு கிடந்தன. கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவரா அவர்? மூங்கிலைச் சீவிச் சிம்பு செய்தார். கிளையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் சிம்பு வைத்து, காயத்துக்குச் சுற்றுகிற துணியால் கட்டினார். காற்றில் அடியோடு ஆடிய செடிக்கு மருந்துக்கடையில் மாவுத்துணி வாங்கிவந்து, தூரைச் சுற்றி அசல் மாவுக்கட்டே போட்டுவிட்டார். நுனியில் துளிர்மட்டும் வெளியே தெரியும்படி விட்டிருந்தார்.

அந்த வாரம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். செடியைக் காட்டச் சொன்னாள். காட்டினார்.

"என்னப்பா அது, வெள்ளை வெள்ளையா?"

"கட்டுப் போட்டிருக்கேன்மா."

"எதுக்கு?"

"கவலைப்படாத. கொஞ்ச நாள்ல எழுந்து நடக்க ஆரம்பிச்சிடும்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் அடித்த தமாஷ் அது. அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு எனக்குத்தான் கூப்பிட்டாள். "பெரியப்பா, அப்பா ரோஜாச் செடிக்கு மாவுக்கட்டு போட்டிருக்கார்."

"யாருக்கு?"

"செடிக்கு பெரியப்பா, செடிக்கு!"

"ஏன், உடைஞ்சிருச்சா?"

"நீங்களும் இப்படிக் கேக்குறீங்களே! அது எழுந்து நடக்கும்னு சொல்றார் பெரியப்பா."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் அழுதுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன். அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, இனிமேல் தனியாக விட முடியாது, டிக்கெட் எடுத்தாயிற்று, வந்து கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றாள். அதற்குள் நான் ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. நான் மட்டும் பஸ் ஏறினேன்.

சகலை கேட்டருகே குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"வாங்க சகலை. வேவு பார்க்க அனுப்பி வச்சாளா?"

"பாசத்துல வந்தேன்னா நம்ப மாட்டீங்களா?"

"பாசம்னா போன வருஷமே வந்திருக்கணும். பஸ்ஸு அப்பவும் ஓடிச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசையாகச் செடிகள், எல்லாம் சிம்பும் கட்டுமாக நின்றன. விபத்து நடந்த அன்றைக்கு வார்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் விளக்கிச் சொன்னபோது எனக்கு அதில் ஒரு கிறுக்கும் தெரியவில்லை.

"பாருங்க, வளருது, சாயுது. பூவோட பாரத்தைத் தாங்கல. தண்டுல பலம் இல்ல. பலம் வர்ற வரைக்கும் பிடிச்சு நிறுத்தினாத் தானா நிக்கும். எத்தனை காலைப் பார்த்திருக்கேன்!"

"நியாயம்தான்" என்றேன். எனக்கு ரோஜாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம், முள் இருக்கும் என்பது மட்டும்தான். ஒரு கிளையை நிமிர்த்திக்கொண்டு, "இந்தத் துணி முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர் கை மண்ணாக இருந்ததால் நான்தான் இன்னொரு கையால் எடுத்தேன். மகளின் முகம் தெரிந்தது. அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரு கிழவர் செடிக்குக் கட்டுப் போடுகிறார், இன்னொரு கிழவர் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"பெரியப்பா, நீங்களுமா?" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் என் வீட்டுக்காரியும் விடவில்லை. "பார்த்துட்டு வாங்கன்னு அனுப்பினா, கூட மாட ஒத்தாசை பண்ணிட்டு வந்தீங்களாமே! அடுத்த டிக்கெட் உங்களுக்குத்தான் எடுக்கணும்."

மகள் வருகிற நாளில் என்னையும் இருக்கச் சொன்னாள். அப்பா முரண்டு பிடித்தால் சமாதானம் சொல்ல ஆள் வேண்டுமாம். போனேன். அவள் பெட்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுச் சரிவைப் பார்த்தபடி நின்றாள். செடிகளுக்கு முகம் செத்துப் போயிருந்தது. கட்டுக்குள் இருந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. இருந்த கொஞ்சம் இலையிலும் கறுப்புப் புள்ளி.

"ஏன்பா இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நிமிர்த்தி விட்டிருக்கேன்."

"அது விழலப்பா. அந்த ரோஜாவே அப்படித்தான். நிக்காது. தரையோட தரையாப் படர்ந்து, மண்ணை மூடிக்கிட்டு, படுத்துக்கிட்டே பூக்கும். மண்ணு கரையாம இருக்கட்டும்னுதானே அதைப் பார்த்து வாங்கினேன்."

சகலை செடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இதை என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா."

"நான் சொன்னேன்."

"எப்ப?"

"கடைக்காரர்கிட்டச் சொன்னேன். படர்ற செடியாக் கொடுங்கன்னு. வீட்ல அவர்கிட்டச் சொன்னேன். ஆபீஸ்ல கூட..." என்று இழுத்தாள்.

"என்கிட்ட?"

அவள் குனிந்து உதிர்ந்த மஞ்சள் இலை ஒன்றைப் பொறுக்கினாள்.

"சரி, சொல்ல மறந்துட்டே. விடு. கட்டைப் பார்த்தப்ப, எதுக்குன்னு கேட்டே. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டியா? பெரியப்பாவுக்குப் போன் போட்டே. டிக்கெட் எடுத்தே."

"எழுந்து நடக்கும்னு சொன்னீங்களேப்பா!"

"அது தமாஷ்."

"தமாஷுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அவள் கேட்டதும் நியாயம்தான். போனில் தெரிகிற முகத்தில் கண்ணோரச் சிரிப்பு தெரியாது. சகலை, "உங்கம்மாவா இருந்தா முதல் சிம்பு வைக்கும்போதே வெளிய வந்து, என்ன கூத்து இதுன்னு கேட்டிருப்பா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். பால் போடுகிறவர் வருகிறார், குப்பை வண்டி வருகிறது. அத்தனை பேர் பார்த்தும், பெரியவரே இது நிமிராத செடி என்றோ, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றோ ஒருவர் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தப்பு அவ்வளவு நாள் நீடித்ததே அதனால்தான்.

இருந்தாலும் மகளுக்குச் சந்தேகம் போகவில்லை. டிக்கெட் இருக்கட்டும் என்றாள். அப்போதுதான் சகலை எழுந்து நின்று சொன்னார்: "எக்ஸ்ரே பார்க்காம, உனக்கு எலும்பு முறிஞ்சிருக்குன்னு நான் ஒருத்தரைப் பார்த்தும் சொன்னதில்ல. நீயும் பார்க்காமச் சொல்லாத. வா, டாக்டர்கிட்டப் போவோம். புத்தி கலங்கிடுச்சுன்னு அவர் சொன்னா, நானே பெட்டியைத் தூக்கிட்டு வரேன். இல்லைன்னா என்னை இங்க விட்டுடணும்."

மகள் ஒத்துக்கொண்டாள். மறுநாளே மூன்று பேரும் போனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சகலை கணீரென்று பதில் சொன்னார். கடிகாரத்துக்கு விநாடி முள்ளும் போட்டுக் கொடுத்தார். எனக்கே ஏழு ஏழாகக் கழிக்கும்போது பாதியில் தொலைந்துவிட்டது, நல்லவேளை என்னை யாரும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் சாதாரணமாகக் கேட்டார்:

"தினமும் யார்கூடப் பேசுவீங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் சகலை யோசித்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மகள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். "தினமும்னு சொல்ல முடியாது" என்றார் சகலை. "முடிவெட்டுறவர்கூட எப்பவாவது."

டாக்டர் மகளிடம், "அப்பாவுக்கு மூளையில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"அதைத்தான் அவ அம்மா ஆயுசு முழுக்கச் சொன்னா" என்றார் சகலை. மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டுப் பிரிக்கிற வேலை தொடங்கிற்று. சகலை மாவுக்கட்டை வெந்நீர் விட்டு ஊறவைத்து, கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். உள்ளே அழுகிய தண்டுகளை, நல்ல பச்சை தெரிகிற இடம்வரை நறுக்கினார். பிழைத்த கிளைகளை மகளும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து மண்மேல் படுக்க வைத்தார்கள். திரும்ப எழும்பாதபடி, கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி அங்கங்கே குத்தினார்கள். இடையில் களை முளைக்காமல் இருக்கக் காய்ந்த இலைத்தூளை மெத்தையாகப் பரப்பினார்கள். "படர்ந்த பிறகு களை பிடுங்கக் கை விட முடியாதுப்பா, முள்ளு கிழிச்சிடும், இப்பவே சுத்தமா எடுத்துடணும்" என்று மகள் சொன்னாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் அவரிடமே சொன்னாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். அவரும் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டார்.

இருந்த நாளெல்லாம் அவள் மறுபடி மறுபடி கேட்டாள். "புத்தி சரியாத்தான் இருக்குப்பா. ஒத்துக்கறேன். ஆனா பேச ஆளில்லையே. அதுக்காகவாவது வாங்களேன்."

"நீ காலையில போனா ராத்திரி வர. மாப்பிள்ளையும் அப்படித்தான். பன்னிரண்டாவது மாடியில நான் யார்கூடப் பேசறது? லிஃப்டுகூடவா?"

"அப்ப இங்க மட்டும்?"

"இங்க பேச ஆளில்லைன்னாலும் இது என் வீடு."

வாக்குக் கொடுத்தபடி அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அவள் மட்டும் கிளம்பினாள். தினமும் கூப்பிடுகிறேன் என்று சொன்னாள், கூப்பிட்டும் வந்தாள். பிறகு வேலை மும்முரத்தில் அது வாரத்துக்கு இரண்டு நாளாகி, ஒரு நாளாகிப் பழையபடி நின்றது. குறை சொல்ல முடியாது. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. நானும் தினமும் கூப்பிடுகிற ஆள் இல்லை.

மழைக்காலம் முடிந்து நான் போயிருந்தபோது, கேட்டருகே போனதும் காலை எடுத்து வைக்கவே மனசு வரவில்லை. சரிவு முழுக்க மூடியிருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பூ, கொத்துக் கொத்தாக, இளஞ்சிவப்பில் மண்ணே தெரியாமல் கிடந்தது. அந்த வருஷம் ஒரு பிடி மண் தெருவுக்குப் போகவில்லையாம். மணியை அடித்தேன். கதவு உடனே திறந்தது, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தவர் போல.

முன்னறையில் நாற்காலியை ஜன்னல் ஓரமாக, திரைக்குப் பின்னால் போட்டிருந்தார்.

"என்ன சகலை, ஒளிஞ்சு உக்காந்திருக்கீங்க?"

"பூ பார்க்க ஆளுங்க வர்றாங்க. நடந்து போறவங்க நிக்கிறாங்க. ஸ்கூல் விட்டா பிள்ளைங்க நிக்குது. ஒரு அம்மா தன் மாமியாரையே கூட்டிட்டு வந்து காட்டினாங்க."

"அப்ப வெளிய போய் நாலு வார்த்தை பேச வேண்டியதுதானே?"

"போனேனே. ஒரு பொண்ணு போட்டோ எடுத்துக்கிட்டிருந்துச்சு. நான் கதவைத் திறந்ததும், 'சாரி அங்கிள், நான் பறிக்கல'ன்னு சொல்லிட்டு ஓடியே போச்சு. இன்னொரு நாள் ஒருத்தர் கும்பிட்டுட்டு நகர்ந்துட்டார். அதுலேருந்து போறதில்ல. நான் தெரியாம இருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறாங்க. பேசிக்கிறது கேக்குது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி அடக்கினார். கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். எந்தக் கடையில் கிடைக்கும், எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், யார் வீடோ தெரியவில்லையே, கேட்டுப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். சகலை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒருத்தி மணியின்மேல் கை வைக்கப் போனாள். மற்றவள், "வேண்டாண்டி, இந்த நேரத்துல தூங்குவாங்க" என்றாள்.

நாங்கள் இருவரும் திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.